எபிசோட் 37: தெர்மாமீட்டர் இல்லாத காலத்து வெயிலை இலை எப்படிச் சொல்லுது?

இன்னைக்கு ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே ஒரு சின்ன ஹோம்வொர்க். நீங்க வாக்கிங் போய்ட்டே இதைக் கேக்குறீங்கன்னா கீழ கிடக்குற ஒரு இலையை எடுங்க. அழுக்கா இருந்தாலும் பரவாயில்ல. நரம்பு, நிறம் எதையும் பாக்க வேண்டாம். ஓரத்தை மட்டும் விரலால தடவிப் பாருங்க. கத்தரிக்கோலால வெட்டின மாதிரி வழவழன்னு போகுதா, இல்ல ரம்பம் மாதிரி பல் பல்லா இருக்கா?

இந்த ஒரே ஒரு கேள்வியை ஃபாசில் இலைகள்கிட்ட கேட்டு, மனுஷனே பிறக்காத காலத்துல ஒரு ஊர்ல எவ்வளவு வெயில் அடிச்சதுன்னு கணக்கு போடுறாங்க. நான் முதல்ல இதைப் படிச்சப்ப, கைரேகை ஜோசியம் மாதிரி இருக்கேன்னுதான் தோணுச்சு. அப்புறம் ஃபார்முலாவைப் பார்த்தேன். ரெண்டே எண், ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். கோட்ல எழுதினா ஒரே வரி. அந்த ஒரு வரியை எவ்வளவு நம்பலாம், எங்க நம்பக் கூடாது, அதை வச்சு என்ன கண்டுபிடிச்சாங்க, இதுதான் இன்னைக்கு விஷயம்.

கதை 1915-ல தொடங்குது. இர்விங் பெய்லி, எட்மண்ட் சின்னாட்னு ரெண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள். உலகத்தோட பல பகுதிகள்ல என்னென்ன மரம் வளருதுங்கற பட்டியல்களை எடுத்து வச்சுக்கிட்டு, எத்தனை இனத்துக்கு இலை ஓரம் வழவழப்பு, எத்தனை இனத்துக்குப் பல்லுன்னு எண்ணினாங்க. வெப்பமண்டலத் தாழ்நிலக் காடுகள்ல பெரும்பாலான மரங்களுக்கு வழவழப்பான ஓரம். குளிர்ப் பிரதேசத்துக்குப் போகப் போகப் பல் வச்ச இலைகளோட பங்கு ஏறிட்டே போச்சு. அப்படின்னா ஃபாசில் இலைகளையும் இதே மாதிரி எண்ணிப் பழைய காலத்து வெப்பநிலையை ஊகிக்கலாமேன்னு அப்பவே எழுதிட்டாங்க.

ஆனா அதுக்கு நம்பர் வர அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஜாக் வுல்ஃப்ங்கற தொல்தாவரவியலாளர் கிழக்கு ஆசியக் காடுகளோட தரவைத் தொகுத்து 1979-ல வெளியிட்டார். ஒரு பக்கம் ஆண்டு சராசரி வெப்பநிலை, இன்னொரு பக்கம் வழவழ ஓரம் உள்ள இனங்களோட பங்கு. புள்ளிகளை வச்சுப் பார்த்தா, கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு. அந்தத் தரவுல இருந்து 1993-ல ஸ்காட் விங், டேவிட் கிரீன்வுட் ரெண்டு பேரும் கொடுத்த சமன்பாடு இதுதான்:

ஆண்டு சராசரி வெப்பநிலை = 30.6 × (வழவழ ஓர இனங்களின் பங்கு) + 1.14

நம்ம ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு 20 வகை மரம், அதுல 18-க்கு ஓரம் வழவழப்புன்னு வச்சுக்கோங்க. பங்கு 0.9. 30.6-ஆல பெருக்கினா 27.5, அதோட 1.14 கூட்டினா ஏறக்குறைய 28.7 டிகிரி செல்சியஸ். சென்னையோட ஆண்டு சராசரிக்கு ரொம்பப் பக்கத்துல வருது.

இந்த இடத்துல உங்கள்ல பாதிப் பேர் கையைத் தூக்கியிருப்பீங்க. "ப்ரோ, வேப்ப இலை ரம்பம் மாதிரிதானே இருக்கு? வேப்பமரம் என்ன காஷ்மீர்லயா வளருது?" சரியான கேள்வி. வேம்புக்குப் பல் உண்டு. இலந்தைக்கும் பொடிப் பல் உண்டு. ஆனா அதே தெருவுல மா, புங்கை, ஆல், அரசு, நாவல், புன்னை, பூவரசு, பலா, பாதாம், எல்லாத்துக்கும் ஓரம் வழவழப்பு. முக்கியமான பாயிண்ட் இதுதான்: ஒரு இலை எதையும் சொல்லாது. ஒரு கும்பல் இலைகள்தான் சொல்லும். ஒருத்தர் குடை வச்சிருக்கார்ங்கறதால மழைக்காலம்னு சொல்ல முடியாது, பஸ் ஸ்டாப்ல 20 பேர்ல 18 பேர் குடை வச்சிருந்தா சொல்லலாம், அந்த மாதிரி.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். நம்ம தெரு மரங்கள் காடு இல்ல. அந்தக் குல்மோகர் மடகாஸ்கர்ல இருந்து வந்தது. தானா வளர்ந்த காட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. அதனால யாரும் அப்பார்ட்மெண்ட் தோட்டத்துல எண்ணிட்டு வந்து வானிலை ஆய்வு மையம் தப்புன்னு எனக்கு மெயில் போடாதீங்க.

குளிர்ல வளர்ற மரத்துக்கு ஏன் பல் வேணும்? இதுக்கு முழுசாத் தீர்ந்த பதில் இன்னும் இல்ல. வலுவான விளக்கம் ஒண்ணு, 2006-ல டானா ராயரும் பீட்டர் வில்ஃபும் செஞ்ச ஆய்வுல இருந்து வருது. குளிர்ப் பிரதேசத்துல இலை துளிர்த்து வேலை செய்ய வருஷத்துல சில மாசம்தான் கிடைக்கும். புது இலை விரிஞ்ச முதல் சில வாரங்கள்ல அந்தப் பல் இருக்குற ஓரங்கள் மத்த இடத்தைவிட வேகமா ஒளிச்சேர்க்கை செய்யுது, வேகமா நீராவியையும் விடுது. அதாவது சீசன் ஆரம்பத்துலயே ஓட ஒரு ஜம்ப் ஸ்டார்ட். ஆனா அதுக்கு விலை, தண்ணி நஷ்டம். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஊர்ல அந்த அவசரமும் இல்ல, தண்ணியை வீணாக்கவும் முடியாது.

அளவுக்கும் ஒரு சேதி உண்டு. மழை நிறைய பெய்யுற இடத்துல சராசரியா இலை பெருசா இருக்கும். வறண்ட இடத்துல சின்னதாகும். 1993-ல வுல்ஃப், ஓரம், அளவு, நுனி, அடிப்பாகம்னு 31 அம்சங்களை ஒண்ணாப் போட்டுப் பார்க்குற ஒரு முறையைக் கொண்டு வந்தார். பேரு கிளாம்ப். மழையளவு, குளிர்காலம் எவ்வளவு கடுமைங்கறதை எல்லாம் அது சேர்த்துச் சொல்லும். மெஷின் லேர்னிங் பண்றவங்களுக்குப் புரியும், ஒரு ஃபீச்சர்ல இருந்து 31 ஃபீச்சருக்குப் போயாச்சு.

சரி, இப்ப ஃபீல்டுக்குப் போவோம். அமெரிக்காவுல வயோமிங் மாநிலம், பிக்ஹார்ன் பேசின். இன்னைக்கு அங்க போனா சிவப்பும் சாம்பலுமா கோடு கோடா அடுக்கின மொட்டைக் குன்றுகள்தான். மரத்துக்குப் பஞ்சம். ஆனா 5 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி அது ஆறும் சதுப்பும் காடுமா இருந்த இடம். டைனோசர்கள் அழிஞ்சு ஒரு கோடி வருஷம் ஆகியிருந்துச்சு. இலை விழுந்து தேங்கின தண்ணிக்குள்ள போய், மேல சேறு மூடி, காத்துப் படாம அமுங்கினாத்தான் ஃபாசில் ஆகும். அப்படி அமுங்கின பழைய குளங்களும் ஆத்துக் கால்வாய்களும் அங்க பாறையா நிக்குது.

வேலை செய்யுற விதம் ரொம்ப சாதாரணம். மண்வெட்டியால தோண்டி, சேத்துப் பாறையைக் கட்டியா எடுத்து, சுத்தியலால பக்கவாட்டுல ஒரு தட்டு. புத்தகம் மாதிரி விரியும். அதிர்ஷ்டம் இருந்தா உள்ள ஒரு இலை, நரம்பு நரம்பா. அதைப் பத்திரமா ஊருக்குக் கொண்டு போக என்ன சுத்துவாங்க தெரியுமா? டாய்லெட் பேப்பர். நிஜமாத்தான். மெத்துன்னு இருக்கும், விலையும் கம்மி.

அடுத்து வகை பிரிக்கணும். பல இலைகளுக்கு எந்த மரம்னு பேரே தெரியாது. தேவையும் இல்ல. "இந்த உருவம் ஒரு வகை, அந்த உருவம் இன்னொரு வகை"ன்னு பிரிச்சு எண்ணினாப் போதும். இந்த முறையோட அழகே இதுதான். அழிஞ்சு போன மரமா இருந்தாலும் அதோட இலை ஓரம் ஓரம்தான்.

இங்கதான் நான் கொஞ்சம் நிக்கணும். ஏன்னா காலேஜ்ல லேப் ரெக்கார்ட்ல பிழைக் கணக்கை சீனியர் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிச்சவன் நான். அந்தப் பாவத்துக்கு இப்ப பரிகாரம் பண்றேன்.

ஒரு பாறை அடுக்குல 20 வகை இலை கிடைச்சதுன்னு வைங்க. அதுல ஒரே ஒரு வகையை, பல் உடைஞ்சு போயிருக்குறதால, வழவழன்னு தப்பாக் குறிச்சுட்டீங்க. பங்கு 0.05 மாறும். 30.6-ஆல பெருக்குங்க. விடை 1.5 டிகிரி தள்ளிப் போயிடும். ஒரே இலை வகை! சரி, நீங்க தப்பே பண்ணலன்னு வைங்க. அப்பவும் அந்தக் காட்டுல இருந்த எல்லா மரத்தோட இலையும் குளத்துல விழல, உங்களுக்குக் கிடைச்சது ஒரு சாம்பிள்தான். 20 வகைல பாதிக்குப் பாதி வந்தா, சாம்பிள் எடுத்ததால மட்டுமே வர்ற பிழை ஏறக்குறைய கூட்டல் கழித்தல் 3.4 டிகிரி. சாதாரண ஈருறுப்புப் புள்ளியியல், நீங்களே போட்டுப் பாக்கலாம்.

இன்னொரு சிக்கல், எங்க விழுந்துச்சுங்கறது. ஃபாசில் ஆகுற இலை பெரும்பாலும் தண்ணிக்கரை மரத்தோட இலை. வேர் எப்பவும் ஈரத்துல இருக்குற மரங்கள்ல பல் வச்ச இலை கொஞ்சம் அதிகம். அதனால கணக்கு நிஜத்தைவிடக் குளிர்ச்சியான விடையைக் கொடுக்கும். டெஸ்ட் டேட்டாவும் டிரெய்னிங் டேட்டாவும் வேற வேற இடத்துல இருந்து வந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாததா?

அப்புறம், இந்தக் கணக்கு பூக்கும் தாவரங்கள்ல இருவித்திலை மரங்களுக்கும் புதர்களுக்கும் மட்டும்தான். புல், பனை, பைன் எதுக்கும் செல்லாது. நம்ம சென்னைக்குப் பக்கத்துலயே ஸ்ரீபெரும்புதூர் பகுதிப் பாறைகள்ல டைனோசர் காலத்து இலைப் படிவங்கள் இருக்கு. டைலோஃபில்லம்னு சொல்ற, பார்க்க ஈந்து மாதிரி சீப்பு சீப்பா இருக்குற இலை. கார் கம்பெனி போற வழியில தினமும் அதைத் தாண்டிப் போறவங்க இதைக் கேட்டுட்டு இருக்கலாம். ஆனா அது பூக்கும் தாவரமே இல்ல. அதனால அதோட ஓரத்தை எவ்வளவு தடவினாலும் வெப்பநிலை வராது.

இவ்வளவு ஓட்டை இருக்குற முறையை எதுக்குப் பயன்படுத்தணும்? ஏன்னா வயோமிங்ல அவங்க தேடினது ஒரு பெரிய சிக்னல்.

5 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, பேலியோசீன் முடிஞ்சு இயோசீன் தொடங்குற இடத்துல, காத்துக்கும் கடலுக்கும் ஏராளமான கார்பன் திடீர்னு வந்து சேர்ந்துச்சு. புவியியல் கணக்குல திடீர்னா சில ஆயிரம் வருஷம். பூமி மொத்தமா 5 டிகிரிக்கு மேல சூடாச்சு. திரும்பிப் பழைய நிலைக்கு வரக் கிட்டத்தட்ட 2 லட்சம் வருஷம் எடுத்துச்சு. கடலடி மண்ல இதுக்குத் தெளிவான சாட்சி இருந்துச்சு. நிலத்துல பாலூட்டிகளோட எலும்பு இருந்துச்சு. ஆனா அந்தக் குறிப்பிட்ட காலத்து இலை மட்டும் சிக்கவே இல்ல. முன்னாடி அடுக்குல இலை இருக்கு, பின்னாடி அடுக்குல இலை இருக்கு, ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. அதனால "செடிகொடிக்குப் பெருசா ஒண்ணும் ஆகல போல"ன்னு ஒரு நினைப்பு இருந்துச்சு.

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஸ்காட் விங், அதே சமன்பாட்டுக்காரர்தான், பல வருஷம் தேடி அந்த நடு அடுக்கு இலைகளைக் கண்டுபிடிச்சார். 2005-ல அவரும் கூட வேலை செஞ்சவங்களும் அதை வெளியிட்டாங்க.

பெருசா ஒண்ணும் ஆகலங்கற நினைப்பு அதோட முடிஞ்சுது. முன்னாடி இருந்த ஊசியிலை மரங்களும், பிர்ச், வால்நட் குடும்பத்து மரங்களும் அந்த இடத்துல காணோம். பதிலுக்கு அவரைக் குடும்பத்து இலைகள் குவிஞ்சு கிடக்கு. நம்ம புளி, புங்கை, வாகை எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். தெற்கே நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்த வகைகள் 10,000 வருஷத்துக்குள்ள வடக்கே நகர்ந்து வந்திருக்கு. மரம் நடக்காது, ஆனா விதை நகரும். இலை ஓரத்தை எண்ணினா, வெப்பநிலை ஏறக்குறைய 5 டிகிரி ஏறியிருக்கு. இலை அளவைப் பார்த்தா, ஆரம்பத்துல மழை குறைஞ்சு பின்னாடி கூடியிருக்கு.

நான் முன்னாடி சொன்ன 3.4 டிகிரி பிழை ஞாபகம் இருக்கா? 5-க்குப் பக்கத்துல வச்சா அது சின்னப் பிழை இல்ல. ஓரம் மட்டுமே சாட்சியா இருந்திருந்தா நானும் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனா என்ன மரம் வந்துச்சுங்கற பட்டியல் தனியா அதையே சொல்லுது. அதே இடத்துப் பழைய பாலூட்டிகளோட பல்லுல இருக்குற ஆக்சிஜன் ஐசோடோப்புகளும் சூடானதையே காட்டுது. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத லாக் ஃபைல்கள் எல்லாம் ஒரே நேரத்துல ஒரே எர்ரரைக் காட்டினா, நம்ம என்ன முடிவுக்கு வருவோம்?

அந்த இலைகள் இன்னொண்ணும் சொல்லுச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது. எலன் கர்ரானோங்கற ஆய்வாளரும் குழுவும் 5,000-க்கும் மேற்பட்ட இலைகளை எடுத்து, பூச்சி கடிச்ச அடையாளம் இருக்கான்னு ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க. ஓட்டை, ஓரக் கடி, நரம்பை மட்டும் விட்டுட்டு மத்ததைச் சுரண்டினது, இலைக்குள்ளயே சுரங்கம் போட்டது, எல்லாம் பாறைல அப்படியே தெரியும். 2008-ல வந்த அவங்க முடிவு: வெப்பம் உச்சத்துல இருந்த காலத்து இலைகள்ல 57 சதவீதம் கடிபட்டது. அதுக்கு முந்தின காலத்துல 15-ல இருந்து 38 சதவீதம்தான். பூச்சி வகைகளும் கூடியிருக்கு. சூடானதால பூச்சிகள் தெற்கேயிருந்து வந்தது ஒரு காரணமா இருக்கலாம். கார்பன் டை ஆக்சைடு அதிகமான காத்துல வளர்ற இலைல சத்து குறையுது, அதனால பூச்சி அதே வயித்துக்கு அதிக இலை தின்னணும், இது இன்னொரு காரணம். மாவு குறைஞ்ச தோசைன்னா நாலுக்குப் பதிலா ஆறு சாப்பிடுவோம்ல.

காத்துல எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்துச்சுன்னு இலையே சொல்லுமா? சொல்லும், ஆனா ஓரம் இல்ல, தோல். ஸ்கூல்ல படிச்ச இலைத்துளை, ஸ்டொமாட்டா. செடி மூச்சு விடுற வாசல் அது. வாசல் திறந்தா கார்பன் டை ஆக்சைடு உள்ள வரும், தண்ணி வெளிய போகும். காத்துல கார்பன் டை ஆக்சைடு தாராளமா இருந்தா, கொஞ்ச வாசல் போதும். 1987-ல இயன் உட்வர்ட், கேம்பிரிட்ஜ்ல உலர்த்தி வச்சிருந்த 200 வருஷத்து இலைகளை எடுத்து எண்ணினார். தொழிற்புரட்சிக்கு முன்னாடி இருந்ததைவிட இலைத்துளை அடர்த்தி 40 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நம்ம புகை, இலையோட உடம்புல பதிவாகியிருக்கு.

இந்த முறைக்குப் பூக்கும் தாவரம்தான் வேணும்னு இல்ல. ஜெனிஃபர் மெக்எல்வெய்னும் கூட்டாளிகளும் 1999-ல, கிரீன்லாந்துல கிடைச்ச சுமார் 20 கோடி வருஷத்து இலைகளை வச்சு, டிரையாசிக் காலம் முடியுறப்ப கார்பன் டை ஆக்சைடு பல மடங்கு கூடினதைக் காட்டினாங்க. இதுக்கு ரொம்ப வசதியான மரம் ஜிங்கோ. டைனோசர் காலத்துல இருந்து பெருசா மாறாம இன்னைக்கும் உயிரோட இருக்கு. அமெரிக்காவுல மேரிலாந்துல, ஸ்மித்சோனியன் ஆட்கள் ஜிங்கோ கன்னுகளை நட்டு, சுத்திக் கூண்டு கட்டி, சிலதுக்கு இன்னைய காத்து, சிலதுக்கு அதிகக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்துன்னு விட்டு வளர்த்துப் பார்த்தாங்க. ஃபாசில் இலையைப் படிக்கிறதுக்கு ஒரு அகராதி தயாரிக்கிற வேலை அது.

இப்ப நிறைய பேர் கேக்குற கேள்வி: "அன்னைக்கு 5 டிகிரி ஏறியும் பூமி பிழைச்சுதே, இன்னைக்கு ஏன் பயப்படணும்?" வயோமிங் பாறையிலயே இதுக்குப் பதில் இருக்கு. வெப்பம் தணிஞ்ச பிறகு பழைய மரங்கள்ல பலது திரும்பி வந்துச்சு. உண்மை. ஆனா அதுக்குக் கிடைச்ச அவகாசத்தைப் பாருங்க. அன்னைக்குக் கார்பன் சேர்ந்த வேகம், 2016-ல வந்த ஒரு கணிப்புப்படி, வருஷத்துக்கு அதிகபட்சம் சுமார் 110 கோடி டன். இன்னைக்கு நம்ம சேர்க்கிறது சுமார் 1,000 கோடி டன். கிட்டத்தட்ட ஒன்பது, பத்து மடங்கு. அன்னைக்கு விதை நகர ஆயிரக்கணக்கான வருஷமும், குறுக்கே எந்த ஹைவேயும் வயலும் ஊரும் இல்லாத கண்டமும் இருந்துச்சு. இன்னைக்கு அதே 5 டிகிரியை அதே மரம் எப்படித் தாண்டும்னு அந்தப் பாறை அடுக்குல பதில் கிடையாது. ஏன்னா இந்த வேகத்துக்கு அங்க டேட்டாவே இல்ல. மாடல் பாக்காத ரேஞ்சுக்கு வெளிய நாம இப்ப இன்புட் கொடுத்துட்டு இருக்கோம்.

ஹோம்வொர்க் செஞ்சவங்க உங்க இலையோட போட்டோவை அனுப்புங்க. மரத்து பேரு தெரியலன்னா கவலை வேண்டாம், ஓரம் தெரிஞ்சாப் போதும். பல் இருந்தா "பல்", இல்லன்னா "வழவழ"ன்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்க. வேப்ப இலை மட்டும் போதும் போதும்னு வரும்னு தெரியும், அதனால அதுக்குத் தனி ஃபோல்டர் போட்டுட்டேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.